சலங்கில் வந்திறங்கிய இளங்குருக்கள்

மறைபரப்பு வரலாற்றை நாம் பெரும்பாலும் கற்களைக் கொண்டே எழுதி வந்துள்ளோம். இன்ன ஆண்டில் இன்ன ஆலயம் எழுந்தது, இன்ன ஆயர் அதனை மந்திரித்தார், இன்ன ஆண்டில் பள்ளி திறக்கப்பட்டது என்று வரிசையாகச் சொல்லி முடித்தால் வரலாறும் முடிந்தது என்று எண்ணுகிறோம். நம் பங்குகளின் ஆண்டுவிழா மலர்களைப் புரட்டினால் இவ்வுண்மை புலப்படும். ஆனால் அக்கற்களை அடுக்கியவர்கள் ஒரு நாளைக் காலைமுதல் மாலைவரை எவ்வாறு கழித்தார்கள்? எதை உண்டார்கள்? யாரிடம் மொழி பயின்றார்கள்? தாயின் கடிதம் வருமா என்று எத்தனை மாதம் காத்திருந்தார்கள்? இவற்றை நாம் கேட்பதில்லை. ஆண்டவரின் அழைப்புக்குச் செவிமடுத்துக் கடல் கடந்து வந்தவர்களுள் பலர் அன்று முப்பது வயதைக்கூட எட்டாத இளைஞர்கள் என்பதையும் மறந்துவிடுகிறோம். அவர்களுடைய தாடி நரைத்த படங்களே நம் பங்கு இல்லங்களில் தொங்குவதால், அவர்கள் பிறக்கும்போதே முதியவர்களாய்ப் பிறந்தார்கள் போலும் என்று தோன்றிவிடுகிறது.

உழவர்கரை மண்ணில் நின்று இதைச் சிந்திப்பது பொருத்தமே. பிரெஞ்சுக்காரர் நாவில் 'ஊல்கரே' என்று திரிந்த இவ்வூர், புதுவை நகரின் மேற்கு வாயிலாக இருந்தது. கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குப் போகும் பயணி இந்த வயல்களையும் ஏரிகளையும் கடந்தே வில்லியனூரை அடைந்தான். 1760-இல் ஆங்கிலப் படை புதுவையை முற்றுகையிட்டபோது நகரத்துக்கு முன்பே வீழ்ந்தவை உழவர்கரையும் வில்லியனூருமே. 1761 ஜனவரியில் நகரமும் வீழ்ந்து தரைமட்டமாயிற்று. பின்னர் 1880-இல் பிரெஞ்சு அரசு உள்ளாட்சி முறையைக் கொணர்ந்தபோது உழவர்கரை ஒரு கொம்யூன் ஆயிற்று. பெயரிலேயே உழவரைத் தாங்கிய இவ்வூரின் வழியாகத்தான் எத்தனையோ இளங்குருக்கள் தங்கள் முதல் பணித்தளத்துக்கு மாட்டுவண்டியிலும் குதிரையிலும் நடையாகவும் போயிருத்தல் வேண்டும்.

அவர்களை அனுப்பியது பாரீசு அந்நிய வேதபோதக சபை. 1658-இல் உரோமை நியமித்த முதல் மறைப்பணி ஆயர்களிலிருந்து அச்சபை தன் தொடக்கத்தைக் கணக்கிடுகிறது. 1663-இல் பாரீசின் ரூ து பாக் வீதியில் அதன் குருமடம் எழுந்தது. 1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்ட பின், 1776-இல் கர்நாடக மறைபரப்புத் தளம் இச்சபையாரின் பொறுப்பில் வந்தது. அன்றுமுதல் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் புதுவைத் திருச்சபையின் தலைமை அவர்கள் கையில் இருந்தது. 1955-இல் அம்புரோஸ் ஆண்டகை பேராயரானபோதுதான் இந்நாட்டவர் ஒருவர் அந்த ஆசனத்தில் அமர்ந்தார்.

ரூ து பாக்கில் அனுப்புதல் விழா ஒன்று உண்டு. புறப்படும் இளங்குருக்கள் பீடத்தின் முன் வரிசையாக நிற்பார்கள். உடன்பயின்றோரும் உற்றாரும் நண்பரும் ஒவ்வொருவராய் வந்து அவர்களுடைய பாதங்களை முத்தமிடுவார்கள். நற்செய்தி அறிவிப்பவரின் பாதங்களைப் புகழ்ந்த இறைவாக்கினர் எசாயாவின் சொல் அங்கே செயலாயிற்று. இளமையில் அந்த ஆலயத்தின் இசைப்பொறுப்பை வகித்த சார்லஸ் குனோ, புறப்படுவோருக்கென ஒரு பாடலுக்கு இசையமைத்தார். பெரும்பாலோர்க்கு அது இறுதி விடைபெறுதல். சூயஸ் கால்வாய் திறக்கப்பட்ட 1869-க்கு முன் நன்னம்பிக்கை முனையைச் சுற்றியே கப்பல்கள் வந்தன. மூன்று நான்கு மாதங்கள் கடலையும் வானையும் அன்றி வேறொன்றும் காணாத பயணம் அது.

அவ்வாறு வந்தவர்களுள் ஒருவரை இங்கே எடுத்துக்கொள்வோம். மெல்கியோர் தெ மரியோன் பிரெசில்லாக் 1813-இல் தென் பிரான்சின் கஸ்தெல்நோதரியில் பிறந்தார். 1838-இல் குருவானார். சொந்த ஊரிலேயே உதவிப் பங்குக்குருவாகப் பணியாற்றியவர், தந்தையின் எதிர்ப்பையும் மீறி 1841-இல் பாரீசு குருமடத்தில் சேர்ந்தார். 1842 ஏப்ரலில் கப்பலேறி, ஜூலையில் புதுவை வந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு.

அக்காலத்தில் புதுவைக்குத் துறைமுகம் இல்லை. இரும்புப் பாலமும் 1866-இல்தான் அமைந்தது. கப்பல் தொலைவில் நங்கூரமிடும். கயிற்றால் தைக்கப்பட்ட பலகைகளாலான சலங்குகளில் நம் கரையோர மக்கள் அலைகளை எதிர்த்துச் சென்று பயணிகளை ஏற்றிவருவார்கள். ஆணி அடித்த படகு அந்த அலையில் உடைந்துபோகும். தைத்த படகோ வளைந்துகொடுத்துத் தப்பும். இறைவனின் பெயரால் போதிக்க வந்தவர், கரையில் கால் வைக்கும் முன்னரே தம் உயிரைத் தமக்குப் பெயர் தெரியாத, மொழி புரியாத மனிதர்களின் கையில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. இதனை நாம் ஓர் அடையாளமாகவே காண்கிறோம்.

கரையேறிய பின் வந்தது மொழி. கிரேக்கமும் இலத்தீனும் மெய்யியலும் இறையியலும் கற்றுத் தேர்ந்தவர், இங்கே 'அ, ஆ' என்று தொடங்கவேண்டும். ழகரமும் ளகரமும் றகரமும் அவர் நாவில் புரளவேண்டும். வீரமாமுனிவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இலேயே தரங்கம்பாடியில் அச்சாகியிருந்தது. ஆயினும் நூல் கற்றுத்தருவது குறைவு. உபாத்தியாயர் வாயிலிருந்து கேட்டு, சமையற்காரரிடம் பேசிப் பிழைபட்டு, சிறுவர்களின் சிரிப்பைப் பொறுத்துக்கொண்டுதான் பேச்சு கைவரும். பாவசங்கீர்த்தனம் கேட்குமளவு தமிழ் தெரியாத குரு, மக்களுக்கு அரைக் குருவே. திருப்பலி இலத்தீனில் இருந்தமையால் அதனை எவரும் நிறைவேற்றலாம். ஆனால் சாகக்கிடக்கும் ஒரு கிழவி தன் மனச்சுமையைத் தன் ஊர்ப் பேச்சில் சொல்லும்போது அதனைப் புரிந்துகொள்ள எந்த இலத்தீனும் உதவாது.

இந்தத் துன்பமே பின்வந்தோர்க்கு வளமாயிற்று. 1806-இல் பிறந்து 1832-இல் புதுவை வந்த லூயி சவினியேன் துப்புய் அடிகளும், அவருடைய தோழர் மூசே அடிகளும் தமிழ்–பிரெஞ்சு அகராதி ஒன்றை உருவாக்கினர். முதற்பகுதி 1855-இலும் இரண்டாம் பகுதி 1862-இலும் புதுவை மிஷன் அச்சகத்தில் வெளிவந்தன. ஒவ்வொரு சொல்லின் பின்னாலும் ஒரு தமிழர் இருந்தார். கேட்ட கேள்விக்கு விடை சொன்னவர், தவறைத் திருத்தியவர், 'இப்படிச் சொல்லமாட்டோம் சாமி' என்று தயங்கித் தயங்கி எடுத்துரைத்தவர். அகராதியின் முகப்பு அவர்களை அறியாது. இதே துப்புய் அடிகள்தாம் 1844-இல் மரியாவின் மாசற்ற இருதயக் கன்னியர் சபையைத் தொடங்கி, நம் பெண்குழந்தைகளின் கல்விக்கு வழி திறந்தவர்.

இனி அன்றாட வாழ்வு. விடியுமுன் எழுதல், தியானம், திருப்பலி, கட்டளைச் செபம், செபமாலை என்னும் குருமட ஒழுங்கு அவர்களோடு கப்பலேறி வந்தது. மற்றவையெல்லாம் இந்நாட்டின் ஒழுங்கே. ஒரு குருவின் பொறுப்பில் சிதறிக்கிடந்த பல ஊர்கள். ஆண்டில் ஒருமுறையோ இருமுறையோதான் ஓர் ஊருக்குப் போக இயலும். போகுமுன் உபதேசியார் போய்ச் சேதி சொல்லியிருப்பார். குரு வந்து சேர்ந்ததும் ஓலைக்குடிசைக் கோவிலில் ஞானஸ்நானம், பாவசங்கீர்த்தனம், மெய்விவாகம், நோயிற்பூசுதல் என்று இடைவிடாத பணி. மாலையில் திண்ணையில் வழக்கு: வரப்புத் தகராறு, பிரிந்த தம்பதியர், கடன், சாதிச்சண்டை. உணவு சோறும் மிளகுநீரும். வாந்திபேதி பரவும் காலத்தில் வீடுவீடாய் ஏறி இறங்குவது குருவின் கடமை; அந்த நோயிலேயே அவர் மடிவதும் உண்டு. கையில் இருந்த பணமோ, 1822-இல் லியோனில் பொலின் ஜரிக்கோ என்னும் இளம்பெண்ணின் முயற்சியால் எழுந்த விசுவாசப் பரப்புதல் சங்கத்தில், பிரெஞ்சுத் தொழிலாளர் வாரம் ஒரு சூ வீதம் போட்டுச் சேர்த்த காசு. நம் பழைய ஆலயங்களில் பட்டுநெசவுப் பெண்களின் வாரக் காசும் கலந்திருக்கிறது என்பதை நாம் நன்றியோடு நினைக்கவேண்டும்.

இவ்விடத்தில் நம் சபைக்கு வெளியே ஒரு காட்சியை நோக்குவது பயன் தரும். அமெரிக்காவில் தோன்றிய மார்மன் சமயத்தார் தம் இளைஞரை மறைபரப்புக்கு அனுப்பும் வழக்கம் உலகறிந்தது. 2012 முதல் ஆண்மக்கள் 18 வயதிலேயே செல்கின்றனர். பணிக்காலம் இரண்டு ஆண்டுகள். வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியும் அணிந்து, நெஞ்சில் 'மூப்பர்' என்னும் பொருள்படும் பெயர்ப்பட்டையுடன் இருவர் இருவராய்த் தெருவில் நடக்கும் அவ்விளைஞரை உலகின் பல நகரங்களில் காணலாம். 1993-இல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு அவர்களுடைய பணித்தளம் ஒன்று நம் நாட்டிலும் அமைந்தது. புறப்படுமுன் சில வாரங்கள் மொழிப்பயிற்சி; செலவைப் பெரும்பாலும் தாமும் குடும்பத்தாரும் சேமித்த பணத்தால் ஏற்பது; காலையில் குறித்த நேரத்தில் எழுந்து படித்து, குறித்த நேரத்தில் தெருவில் இறங்குவது; வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்கவும் கடிதம் எழுதவும் ஓய்வு. நெடுங்காலம் ஆண்டுக்கு இருமுறையே பெற்றோருடன் தொலைபேசியில் பேசலாம் என்றிருந்த கட்டுப்பாடு 2019-இல் தளர்ந்து, வாரம் ஒருமுறை பேச இசைவு கிடைத்தது. அவர்களுடைய இறைக்கோட்பாட்டுக்கும் நம் விசுவாசத்துக்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. அதனை மழுப்புதல் நேர்மையன்று. ஆயினும் பதினெட்டு வயதுப் பிள்ளை ஒருவன் வாசல் வாசலாய்த் தட்டி, பெரும்பாலும் மூடப்படும் கதவுகளின் முன் நின்று, மறுநாளும் எழுந்து புறப்படுகிறான் என்பதைக் கண்டு நாம் தலைவணங்கலாம்.

இவ்விரு வாழ்வையும் அருகருகே வைத்தால் இரண்டு வேற்றுமைகள் தெளிவாகின்றன. முதலாவது காலம். மார்மன் இளைஞன் இரண்டாண்டில் வீடு திரும்பித் தன் படிப்பையும் தொழிலையும் தொடர்கிறான். ரூ து பாக்கிலிருந்து வந்தவரோ சாகுமட்டும் இங்கே இருக்கவே வந்தார். இரண்டாவது துணை. அவ்விளைஞன் தன் தோழனைவிட்டுப் பிரிதல் கூடாது. தோழன் அவனைப் போன்றே அனுப்பப்பட்ட மற்றோர் இளைஞன். ஆண்டவர் சீடரை இருவர் இருவராய் அனுப்பியதை அவர்கள் எழுத்துப்படி கைக்கொள்கிறார்கள். நம் குருவோ தனியாகவே அனுப்பப்பட்டார். மிக அருகில் இருந்த பிரெஞ்சுக் குருவைப் பார்க்கவும் நெடும் பயணம் தேவைப்படும். அப்படியானால் அவருடைய துணை யார்? உபதேசியாரே.

ஆம், வேட்டியும் மேல்துண்டுமாய் முன்னே நடந்த அந்த மனிதர். வழி அறிந்தவர், மக்களை அறிந்தவர், எந்த வீட்டில் எந்தப் புண் ஆறவில்லை என்பதை அறிந்தவர். குரு இல்லாத பத்து மாதங்களும் செபம் சொல்லிக்கொடுத்து, சாவுச் சடங்கு நடத்தி, குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் அளித்தவர். இருவர் இருவராய் அனுப்பிய ஆண்டவரின் கட்டளை நம் மண்ணில் இப்படி நிறைவேறியிருக்கிறது: ஒருவர் கடல் கடந்து வந்தவர், மற்றவர் இவ்வூரிலேயே பிறந்தவர். ஆனால் ஒருவருக்குக் கல்லறைக் கல் உண்டு. மற்றவருக்குப் பெரும்பாலும் இல்லை.

இங்கேதான் வரலாறு நம்மை நோக்கிக் கேள்வி எழுப்புகிறது. அந்தத் துணைவர் சமமானவராக நடத்தப்பட்டாரா? 1659-இலேயே உரோமையின் விசுவாசப் பரப்புதல் பேராயம், மக்களின் முறைகளையும் பழக்கங்களையும் மாற்ற முயலவேண்டாம், ஐரோப்பாவை அங்கே கொண்டுபோகவேண்டாம், அந்தந்த நாட்டாரைக் குருக்களாக்குங்கள் என்று தன் ஆயர்களுக்கு அறிவுறுத்தியது. அறிவுரை தெளிவு; நடைமுறை அவ்வளவு தெளிவன்று. நாட்டுக்குருக்கள் சிலராகவே இருந்தனர். அவர்களும் ஐரோப்பியக் குருக்களுக்குக் கீழ்ப்பட்டவர்களாகவே வைக்கப்பட்டனர். இதனைக் கண்டு உள்ளம் நொந்தவர்களுள் பிரெசில்லாக் ஒருவர். நாட்டுக்குருக்களை உருவாக்குவதே மறைபரப்பின் முதற்பணி என்பது அவருடைய உறுதிப்பாடு.

1844 தொடக்கத்தில் கிளெமான் பொன்னான் ஆண்டகை புதுவையில் சினடு ஒன்றைக் கூட்டினார். பிரெசில்லாக்கும் அதில் அமர்ந்தார். நாட்டுக்குருக்களின் பயிற்சியையும் கல்வியையும் அச்சினடு வலியுறுத்தியது. அதன் தீர்மானங்களை லூக்கே அடிகள் உரோமைக்குக் கொண்டுசென்றார். 1845 நவம்பரில் உரோமை, நாட்டுக்குருக்களை எல்லாப் பொறுப்புகளுக்கும் தகுதியுடையோராய் உருவாக்குமாறு மறைபரப்புத் தலைவர்கள் அனைவருக்கும் அறிவுறுத்தல் விடுத்தது. நம் புதுவையில் பேசப்பட்டது உலகத் திருச்சபைக்கே நெறியாயிற்று என்பது சிறிய பெருமையன்று. சினடை அடுத்துப் புதுவைக் குருமடக் கல்லூரியின் பொறுப்பு பிரெசில்லாக்கிடம் வந்தது. இன்றும் நகரில் விளங்கும் பெத்தி செமினேர் பள்ளி தன் தொடக்கத்தை 1844 என்றே குறிக்கிறது.

சாதி என்னும் கேள்வியும் அவரை விடவில்லை. அது பழைய புண். 1745-இல் சம்பா கோவிலின் உள்ளே தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவரைப் பிரித்து நின்ற சுவரையும், அவர்கள் திரண்டுபோய் முறையிட்டதையும், சுவர் இடிக்கப்பட்டதையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் பதிந்துள்ளார். இந்நாட்டு வழக்கங்களுள் எவற்றை ஏற்பது, எவற்றை விலக்குவது என்னும் மலபார் சடங்குப் பூசல் 1704-இல் புதுவையிலேயே கர்தினால் தூர்னோனின் ஆணையால் வெடித்து, 1744-இல் திருத்தந்தை 14-ஆம் ஆசீர்வாதப்பரின் தீர்ப்பால் சட்டமாயிற்று. ஒவ்வொரு மறைபரப்பாளரும் அதற்குப் பணிவதாய் ஆணையிடவேண்டும். ஆணையிட்ட பின்னும் நடைமுறை ஊருக்கு ஊர், குருவுக்குக் குரு வேறுபட்டது. 1846-இல் கருமத்தம்பட்டியில் ஆயராக அருள்பொழிவு பெற்றுக் கோயம்புத்தூர்த் தளத்தை ஆண்ட பிரெசில்லாக், மனச்சான்றின் நெருக்கடியால் பொறுப்பைத் துறக்க முன்வந்தார். 1855-இல் உரோமை அதனை ஏற்றது. அவர் ஓய்ந்துவிடவில்லை. 1856 டிசம்பர் 8 அன்று லியோனில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையை நிறுவினார். 1859 மே மாதம் மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபிரீடவுனில் இறங்கி, ஜூன் 25 அன்று மஞ்சள் காய்ச்சலுக்கு இரையானார். அங்கே அவர் பணியாற்றியது ஆறே வாரங்கள். ஆனால் அவர் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுசென்ற கருத்து நம் தமிழ் மண்ணில் முளைத்தது.

அவருக்கு அரை நூற்றாண்டு முன்பு, 1792-இல் பிரெஞ்சுப் புரட்சியின் கொந்தளிப்பில் இங்கு வந்த துபுவா அடிகளின் கதை வேறுவிதம். இந்நாட்டவரைப் போல் உடுத்து, இறைச்சியை விலக்கி, மைசூர் நாட்டில் 'தொட்ட சுவாமி' என்று அழைக்கப்பட்டு, அம்மைப்பால் குத்துதலைப் பரப்பி, முப்பதாண்டுகள் மக்களோடு மக்களாய் வாழ்ந்தவர். 1823-இல் பாரீசு திரும்பியபோது, இந்தியாவில் மறைபரப்பு பலிக்காது என்னும் முடிவோடு திரும்பினார். அதனை நூலாகவும் வெளியிட்டார். உடையும் உணவும் மாறினால் மட்டும் உள்ளம் நெருங்கிவிடாது போலும். பிரெசில்லாக் இங்கே கழித்தது ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளே. ஆனால் மக்களைப் பற்றி நம்பிக்கை இழக்கவில்லை. அவர்களிடையேயிருந்து குருக்கள் எழுவார்கள் என்று நம்பினார். வந்தவர் எத்தனை ஆண்டு தங்கினார் என்பதைவிட, தமக்குப் பின் யாரிடம் பொறுப்பை ஒப்படைக்க எண்ணினார் என்பதே முதன்மையான கேள்வி என்று இவ்விருவர் வாழ்வையும் ஒப்பிட்டு நாம் துணிகிறோம்.

அந்த ஒப்படைப்பின் கனிகளே இன்றைய நாம். கடலின் திசை இன்று மாறிவிட்டது. 1955 முதல் அயல்நாட்டு மறைபரப்பாளர் நம் நாட்டுக்கு வருவதற்கு விசாக் கட்டுப்பாடுகள் இறுகின. இன்றோ நம் தமிழ்நாட்டுக் குருக்களும் கன்னியரும் பிரான்சிலும் ஜெர்மனியிலும் இத்தாலியிலும் பங்குப்பணி ஆற்றுகிறார்கள். வடஇந்தியச் சிற்றூர்களிலும் ஆப்பிரிக்காவிலும் உழைக்கிறார்கள். தம்மிடமிருந்து குருக்களைப் பெற்ற நாட்டிடமே பிரான்சு இன்று குருக்களைப் பெறுகிறது. அங்கே அவர்கள் பிரெஞ்சு உச்சரிப்பில் இடறும்போது யார் பொறுமையோடு திருத்துகிறார்கள்? பனிக்காலத்தில் தனித்த பங்கு இல்லத்தில் யார் அவர்களுக்குத் துணை? அவர்கள் எழுதும் மடல்களைப் படிக்க நமக்கு நேரம் உண்டா? அனுப்பும் நாளில் பொன்னாடை போர்த்தி நிழற்படம் எடுத்துக்கொண்டு, பிறகு மறந்துவிடுவதற்கு அனுப்புதல் என்று பெயரில்லை.

இன்னொரு கேள்வி இதைவிட அருகில் நிற்கிறது. உழவர்கரையின் தொழிற்கூடங்களிலும் எழும்பிவரும் கட்டடங்களிலும் வேலைசெய்ய ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் இளைஞர்கள் வருகிறார்கள். அவர்களுள் ஞானஸ்நானம் பெற்ற நம் சகோதரரும் உண்டு. அவர்களும் வயது இருபதை ஒட்டியவர்களே, மொழி தெரியாதவர்களே, தாயின் குரலுக்கு ஏங்குகிறவர்களே. ஞாயிறு திருப்பலியில் தூணருகே நின்று, பாடல் புரியாமல், வாய் திறவாமல், முடிந்ததும் கலைந்து போகிறார்கள். அன்று சலங்கில் வந்த வெள்ளைக்குருவுக்குத் 'தண்ணீர்' என்னும் சொல்லைக் கற்பித்த நம் முன்னோர் எந்த நூலும் படித்தவர்கள் அல்லர். அந்நியனை அமர்த்தி, சோறிட்டு, அவன் பிழையைச் சிரித்துத் திருத்தி, வழி காட்டினார்கள். அந்த விருந்தோம்பலின்மேல்தான் நம் ஆலயங்கள் எழுந்தன.

ஆகவே அடுத்த விழா மலரைத் தொகுக்கும் பங்குப் பேரவையினருக்கு நம் வேண்டுகோள் இதுவே. ஆலயம் கட்டியவர் பெயரோடு, உங்கள் ஊரின் பழைய உபதேசியார்களின் பெயர்களையும் மூத்தோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளில் சாட்சியாகக் கையொப்பமிட்டவர்களுள் அவர்கள் இருக்கக்கூடும். வருகிற ஞாயிறு தூணருகே நிற்கும் அந்த இளைஞனின் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டும் ஒரே வரலாற்றின் பகுதிகளே.